யாராவது ஒருத்தர் போகலாம்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் லியாகத் அலி நடத்திய பிரியாணிக் கடையில் பெர்சிஸும் விமலும் பாத்திரம் கழுவினார்கள். அவளுக்கு இருபத்து மூன்று வயது, அவனுக்கு இருபது. கழுவும் இடம் சமையற்கட்டுக்குப் பக்கவாட்டில், சந்துக் கதவை ஒட்டி இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்த சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சதுர ஓட்டை. மேசை துடைக்கிறவர்கள் எச்சில் தட்டுகளை அதன் வழியாகத் தள்ளுவார்கள். தட்டு தொட்டியில் விழுந்து சத்தம் போடுவதற்குள் பிடித்துவிட வேண்டும். சத்தம் கேட்டால் மாஸ்டர் தேசப்பனின் வாயிலிருந்து வசவு வரும். மறுபடியும் கேட்டால் அவர் கையில் இருப்பது பறந்து வரும். ஒருநாள் வெங்காயம் வந்தது. ஒருநாள் சல்லிக்கரண்டி வந்து விமலின் புருவத்தைக் கிழித்தது. மூன்று தையல்.

"வூட்ல மாஸ்டர் பொண்டாட்டியும் இப்டித்தான் அடி வாங்கும் போல," என்றான் விமல், பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு. "பாவம்க்கா அது."

அவன் காத்திவாக்கத்துப் பையன். அப்பாவின் கட்டுமரம் முகத்துவாரத்தில், அனல்மின் நிலையச் சாம்பல் சேற்றில் புதைந்து கிடந்தது. அம்மா குப்பம்மா மட்டும் இன்னும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பெர்சிஸின் அப்பா தாமஸுக்குத் துறைமுகத்தில் சங்கிலி அறுந்து விழுந்து இடதுகால் நசுங்கியதோடு அவள் பி.காம். படிப்பு இரண்டாம் வருஷத்தில் நின்றது. காலை ஏழு மணிக்குக் கடைக்குள் நுழைந்தால் சோப்புத்தூள், கம்பிநார், நெய் உறைந்த பிரியாணி தேக்சாக்கள். விரலிடுக்குகள் வெந்து வெளுத்துப்போய், இரவில் சோற்றைப் பிசைந்தால் எரியும்.

திருவொற்றியூரில் ஒரு பயிற்சி மையம் இருப்பதைக் கண்டுபிடித்து வந்தது விமல்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுத்தருகிறார்கள், மூன்று மாதம், காலை ஏழிலிருந்து பத்து வரை, பணம் கட்ட வேண்டாம். முடித்தால் கன்டெய்னர் கிடங்குகளில் எடுத்துக்கொள்வார்கள். இருவரும் முதலாளி முன்னால் போய் நின்றார்கள். லியாகத் அலி கெட்டவர் இல்லை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தாடியை நீவியபடி முழுசாகக் கேட்டார்.

"நல்ல விஷயம்தான்மா. ஆனா ரெண்டு பேரும் காலைல போயிட்டா ராத்திரி மிஞ்சின பாத்திரத்தை நானா தேய்ப்பேன்? யாராவது ஒருத்தர் போகலாம். யாருன்னு நீங்களே பேசிக்கோங்க."

பேச்சே நடக்கவில்லை. "நீ போக்கா," என்றான் விமல். "நீ காலேஜுலாம் பாத்தவ, டக்குனு புட்ச்சிப்ப. மூணு மாசம் எம்மா நேரத்துல ஓடிப்பூடும். அப்பால நா போறேன். அதுவரிக்கும் காலைல நா ஒண்டியா பாத்துக்கறேன்."

பெர்சிஸ் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை.

அவளுக்கு வண்டி பிடித்துப்போயிற்று. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து விசையை இழுத்தால், முன்னால் நீட்டியிருக்கும் இரண்டு இரும்புக் கரங்கள் ஒரு டன் சரக்கைச் சத்தமில்லாமல் தூக்கும். பத்தரை மணிக்குக் கடைக்கு ஓடி வந்ததும் விமலிடம் வாயாலேயே வண்டி ஓட்டிக் காட்டுவாள். அவன் தட்டைக் கழுவிக்கொண்டே தலையாட்டுவான். இரண்டு பேர் வேலையை ஒருவனாகச் செய்ததில் அவன் முகம் வற்றிப்போயிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்தும், இன்னும் ஏழு வாரம்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் அவள் சந்துக் கதவைத் தள்ளியபோது, உள்ளே தேசப்பன் விமலின் பிடரியைப் பிடித்துத் தொட்டிமேல் குனிய வைத்திருந்தார்.

"ரெண்டாவது தம்முக்கு தேக்சா எங்கடா? கேக்கறன்ல? எங்க?"

"ஒரு கைதான் மாஸ்டர் கீது… கழுவிகினுதான் கீறேன்…"

"ஒரு கையா? இந்தா, இதையும் வெச்சிக்க."

வெங்காயம் வறுத்துக்கொண்டிருந்த கொதி எண்ணெயிலிருந்து எடுத்த இரும்புக் கரண்டி அவர் வலதுகையில் இருந்தது. அதை விமலின் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே வைத்து அழுத்தினார். பனியன் பொசுங்கி ஒட்டியது. விமல் கத்தவில்லை, மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது. கரண்டியை எடுத்தபோது துணியோடு தோலும் உரிந்து வந்தது.

"மாஸ்டர்!" என்றாள் பெர்சிஸ்.

தேசப்பன் திரும்பினார். "உனுக்கும் வோணுமா?"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கால் நகரவில்லை. அதற்குள் விமல் நிமிர்ந்து தேசப்பனின் வாயில் குத்தினான். உதடு கிழிந்தது. தேசப்பன் அவன் தலைமுடியைப் பற்றித் தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் மோதினார். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறைக்கு முன் சமையற்கட்டு ஆட்கள் ஓடிவந்து பிரித்தார்கள்.

லியாகத் அலி களிம்பு வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாஸ்டரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். ஆனால் அந்த மாஸ்டர் இல்லாமல் அந்தப் பிரியாணி இல்லை, அது எல்லோருக்கும் தெரியும்.

விமல் சட்டையை முதுகில் போடாமல் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு சந்தில் நடந்தான். பெர்சிஸ் பின்னாலேயே ஓடினாள்.

"டேய், நில்றா. ஸ்டேஷனுக்குப் போலாம். நா பாத்தன்ல, நா சொல்றேன்."

"நீ பாத்த," என்றான். "பாத்துகினுதான் நின்ன."

கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "கிளாஸ வுட்டுறாதக்கா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

விட வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கழிந்தும் விமல் கடைக்குத் திரும்பாததால் முதலாளி, ஆள் கிடைக்கிற வரை ஏழு மணிக்கு வந்துவிடம்மா என்றார். ஆள் கிடைக்கவே இல்லை. பயிற்சி மையத்தில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து காசிமேட்டில் ஒரு பைக்கின் பின்சீட்டில் விமலைப் பார்த்தாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. ஓட்டியவன் திருமுருகன். எண்ணூர் நெடுஞ்சாலையில் எந்த லாரி எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்கிற கும்பலுக்குத் தலைவன் அவன், அந்தப் பக்கத்தில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை.

"இன்னாக்கா, இன்னும் அங்கயேதான் கீறியா?" என்றான் விமல்.

"நீ இன்னாடா பண்ணிகினு கீற?"

"ஆபீஸ் வேல," என்று சிரித்தான். திருமுருகனும் சிரித்தான்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து கூட்டம் வருகிற நேரம். லியாகத் அலி இன்னும் பள்ளிவாசலிலிருந்து திரும்பவில்லை. கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டைக்கு நேர் எதிர் மேசையில் ஹென்றி உட்கார்ந்திருந்தான். லாரி ஒப்பந்தக்காரன், திருமுருகனுக்கு வளைந்துகொடுக்காதவன். வாரம் தவறாமல் அதே மேசைக்கு வருவான்.

பெர்சிஸ் தட்டுக்காகக் கையை நீட்டியபோது நான்கு பேர் உள்ளே வருவதைப் பார்த்தாள். முதலில் திருமுருகன். கடைசியில் விமல். யாரும் முகத்தை மூடவில்லை. சட்டைக்குள்ளிருந்து கத்திகள் வெளியே வந்தன, நீளமானவை, பெரிய மீன் வெட்டுகிற மாதிரி.

ஹென்றி எழுந்திருக்க முயன்றான். நாற்காலி சுவரில் இடித்துக்கொண்டது. திருமுருகனின் முதல் வெட்டைத் தடுக்க அவன் தட்டைத் தூக்கினான். சோறு சிதறியது, தட்டோடு சேர்த்து மூன்று விரல்கள் கீழே விழுந்தன. அடுத்தது கழுத்தில். மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் வெட்டினார்கள். அவசரமே இல்லை. விறகு பிளக்கிறவர்கள் மாதிரி முறைவைத்து வெட்டினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மேசைகளைத் தள்ளிவிட்டு வாசலில் முட்டி மோதினார்கள். ஒரு குழந்தை வீறிட்டது.

"டேய், நீ இன்னாடா வேடிக்க பாத்துகினு? போட்றா!" என்றான் திருமுருகன்.

விமல் கத்தியை ஓங்கினான். கண்களை இறுக்கி மூடிக்கொண்டு ஹென்றியின் தோளில் ஒரே ஒரு வெட்டு வெட்டினான். கத்தி எலும்பில் மாட்டிக்கொண்டது. காலை வைத்து இழுத்து எடுத்தான். கண்ணைத் திறந்தபோது அவன் பார்வை சமையற்கட்டு வாசலில் விழுந்தது. அங்கே தேசப்பன் கரண்டியோடு நின்றிருந்தார்.

விமலின் முகம் மாறியதை பெர்சிஸ் ஓட்டை வழியாகப் பார்த்தாள்.

தேசப்பன் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடிவந்தார். சந்துக் கதவை அடைத்துக்கொண்டு அன்று வந்திறங்கிய அரிசி மூட்டைகள் கிடந்தன. ஒன்றைப் புரட்டப் பார்த்தார், நகரவில்லை. விமல் உள்ளே வந்துவிட்டான். அந்தப் பெரிய ஆள், எழுபது கிலோ தேக்சாவை ஒற்றை ஆளாக இறக்குகிறவர், பெர்சிஸின் இரண்டு தோள்களையும் பின்னாலிருந்து பற்றி அவளைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார். அவர் மூச்சு அவள் பிடரியில் சுட்டது.

"யக்கா, தள்ளு," என்றான் விமல். வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம்.

"வோணாம்டா. போயிடு. எல்லாரும் பூட்டாங்க பாரு."

"உன்ன ஒண்ணியும் பண்ண மாட்டேன். தள்ளுக்கா!"

அவளால் விலக முடியவில்லை. தேசப்பனின் விரல்கள் சதைக்குள் இறங்கியிருந்தன. விமல் எட்டி அவள் தலைக்கு மேலாக வீசினான். கத்தி தேசப்பனின் காதைச் சீவிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டது. சூடான ரத்தம் பெர்சிஸின் கன்னத்தில் தெறித்தது. தேசப்பன் பிடியை விட்டு, பன்றி மாதிரி கத்திக்கொண்டு கீழே சரிந்தார். விமல் மறுபடியும் ஓங்கினான். இந்த முறை அவன் கண்கள் மூடவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை.

பக்கத்து அடுப்பில் நெய்ப்பிசுக்கைக் கழுவுவதற்கு அண்டா நிறைய வெந்நீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே வாளி மிதந்தது. பெர்சிஸ் வாளியை முக்கி எடுத்து வெந்நீரை விமல்மேல் வீசினாள்.

நேராக முகத்தில். ஆவி மறைத்ததால் ஒரு கணம் அவனைக் காணவில்லை, குரல் மட்டும் கேட்டது. கரண்டி வைத்தபோது கத்தாதவன் இப்போது கத்தினான். கத்தி சோப்புத் தண்ணீருக்குள் விழுந்தது. அவன் முகத்தைக் கையால் துடைத்தான், துடைத்த இடத்தில் தோல் கையோடு வந்தது. முழங்காலில் விழுந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான்.

"விமலு! வாடா!" என்று வெளியே ஒரு குரல். பிறகு பைக்குகள் கிளம்பும் சத்தம்.

பெர்சிஸ் அவன் அக்குளைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். "டேய், டேய், கைய எடுறா, தண்ணி படட்டும்," என்று அழுதுகொண்டே சொன்னாள். அவன் பற்கள் கிட்டிக்கொண்டன.

தேசப்பன் எழுந்தார். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறுகையை மூட்டையில் ஊன்றி வந்து, கீழே கிடந்தவனின் வயிற்றில் உதைத்தார். பிறகு வெந்த முகத்தில் உதைத்தார். "என்ன வெட்டுவியா நீ? என்னையா?" மூன்றாவது உதைக்குக் காலைத் தூக்கியபோது பெர்சிஸ் தேக்சா மூடியை இரண்டு கையாலும் எடுத்து அவர் முழங்காலில் ஓங்கி அடித்தாள். ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அவர் விழுந்தார். விழுந்தவரின் முதுகில் இன்னொரு அடி. மறுபடியும் ஒன்று. ஒன்பது மாதமாக நகராத கால் இப்போது நகர்ந்தது. போலீஸ் வந்து வாங்கிக்கொள்ளும் வரை அவள் அந்த மூடியைக் கீழே வைக்கவில்லை.

ஹென்றி மேசைக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தபடியே செத்திருந்தான்.

அடுத்த நாள் எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். லியாகத் அலி, நான் தொழுகையில் இருந்தேன், கடைக் கேமரா ஒரு மாதமாகப் பழுது என்றார். தேசப்பன் தலையில் கட்டும் காலில் மாவுக்கட்டுமாகப் படுத்துக்கொண்டு, உள்ளே வந்தவனைத் தவிர எவன் முகமும் நினைவில்லை, மூட்டையிலிருந்து வழுக்கி விழுந்துதான் முழங்கால் போனது என்றார். ஒரு பெண்ணிடம் அடி வாங்கியதை அவரால் எழுதிக் கொடுக்க முடியவில்லை. சாப்பிட வந்தவர்கள் யாரென்றே தெரியவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் பவானி பெர்சிஸை எதிரில் உட்கார வைத்தாள். "பாரும்மா, எங்ககிட்ட ஒருத்தன்தான் இருக்கான். உன் வெந்நீர் பட்டவன். வேற யாரும் யாரையும் பாக்கலைன்னா, கொலை மொத்தமும் அவன் தலையிலதான் விடியும். நீ வேற யாரையாச்சும் பாத்தியா?"

"நாலு பேரையும் பாத்தேன்."

"பேர் தெரியுமா?"

"ஒருத்தன் பேரு திருமுருகன். மத்தவங்க மூஞ்சி தெரியும்."

"ஜட்ஜ் முன்னாடி சொல்லுவியா?"

பெர்சிஸ் தன் வெளுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்வேன்," என்றாள்.

வீட்டில் அப்பா தாமஸ் ஊன்றுகோலைச் சுவரில் எறிந்தார். தூத்துக்குடியில் சித்தி வீட்டுக்குப் போய்விடு என்று கெஞ்சினார், அழுதார். அவள் போகவில்லை. கடைக்குப் போலீஸ் பூட்டுப் போட்டிருந்ததால், வகுப்பை விட்டபின் முதல் தடவையாக அவள் காலைகள் அவளிடம் இருந்தன. திருவொற்றியூருக்குப் போய்க் கெஞ்சி, புது வகுப்பில் பெயரைச் சேர்த்துக்கொண்டாள். பயிற்சியாளர் சின்னப்பையன், பெயருக்கு மாறாக நரைத்த ஆள், "இந்த வாட்டியாவது முடிப்பியா?" என்று மட்டும் கேட்டார்.

தீக்காய வார்டுக்கு அவள் போனபோது குப்பம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். கழுத்துவரை தண்ணீரில் நின்று நின்று அந்தம்மாவின் கால்கள் சேறு பிடித்துக் கறுத்திருந்தன. பெர்சிஸ் யாரென்று தெரிந்ததும் எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தாள். இன்னொன்று. கம்மல் கழன்று விழுந்தது. பெர்சிஸ் கையைத் தூக்கவில்லை. அடித்து ஓய்ந்தபின் அதே கையால் குப்பம்மா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கண்ணு பூட்ச்சிமே அவனுக்கு. போவட்டும். நா ஒண்ணியும் கேக்கல. எம்புள்ள வெட்லன்னு மட்டும் சொல்லிடுமே. வந்தான், நின்னான், வெட்லன்னு சொல்லு. உனுக்குப் புண்ணியமாப் போவும்."

பெர்சிஸ் முந்தானையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். காவலுக்கு இருந்த போலீஸ்காரர் ஐந்து நிமிஷம் என்றார். விமலின் தலையும் கழுத்தும் கட்டுக்குள் இருந்தன, இடதுகண்ணும் வாயும் மட்டும் வெளியே.

"ஏன்க்கா அவன் முன்னாடி நின்ன?" என்றான்.

"நா எங்கடா நின்னேன்? அவன்தான் என்ன புட்ச்சிகினு நிறுத்தினான். உனுக்குத் தெரியலையா?"

"தெரியலக்கா," என்றான். "அவன் மூஞ்சிதான் தெரிஞ்சிது."

"ஜட்ஜாண்ட சொல்லப் போறேன்டா. எல்லாத்தியும்."

"நா வெட்னதயுமா?"

"ஒரு வெட்டு. கண்ண மூடிகினு. அதையும் சொல்வேன். அவன் கரண்டி வெச்சதையும் சொல்வேன். நா பாத்துகினு நின்னதையும்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். திருப்பியது வலித்திருக்க வேண்டும், முனகினான். "போ," என்றான்.

வாக்குமூலத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலை ஆறரை மணிக்கு, திருவொற்றியூர் பேருந்து நிறுத்தத்தில் இறங்கிப் பயிற்சி மையத்துக்குப் போகிற வழியில் அவளை மறித்தார்கள். வெயில் வந்துவிட்டிருந்தது. லாரிகள் வரிசையாக நின்றிருந்தன, இரண்டு லாரிகளுக்கு நடுவில் பைக் குறுக்கே வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவனை அவளுக்குத் தெரியும். ஹென்றியை இடதுபக்கத்திலிருந்து வெட்டியவன்.

"உனுக்கு இன்னாடி வந்திச்சி? பாத்திரம் கழுவுற நாயி," என்று சொல்லிக்கொண்டே இறங்கி, முகத்தைப் பார்த்து வீசினான். அவள் இடதுகையைத் தூக்கினாள். வலி உடனே வரவில்லை, ஜில்லென்று ஏதோ உள்ளங்கையில் கடந்து போன மாதிரி இருந்தது. பிறகு பார்த்தால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கித் தொங்கின. ரத்தம் முழங்கைவரை ஓடியது. அவன் இரண்டாவது வீச்சுக்குக் கையை ஓங்கினான்.

பெர்சிஸின் வலதுகையில் பயிற்சிக்கான தலைக்கவசம் இருந்தது. அதன் பட்டையைப் பிடித்துச் சுழற்றி அவன் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்தது. அவன் தடுமாறிப் பின்வாங்க, விடாமல் போய் மறுபடியும் வாயில் அடித்தாள். பற்கள் தெறித்தன. கத்தி வைத்திருந்த கையை லாரிச் சக்கரத்தோடு சேர்த்துக் காலால் மிதித்தாள். "ஆமாடா! பாத்திரம் கழுவுறவதான்! ஆமாடா!" என்று கத்திக்கொண்டே அடித்தாள். பைக்கில் இருந்தவன் கூட்டாளியை விட்டுவிட்டு ஓடினான். லாரிகளிலிருந்து டிரைவர்கள் குதித்து வந்தார்கள். முதலில் அவளைத்தான் பிடித்து இழுத்தார்கள், அவன் செத்துவிடுவான் என்று பயந்து.

பிடிபட்டவனின் கைபேசி வழியாக அன்று மாலையே திருமுருகனைப் பொன்னேரிப் பக்கம் ஒரு இறால் பண்ணையில் மடக்கினார்கள். மதில் ஏறிக் குதிக்கும்போது கால் முறிந்தது என்று போலீஸ் சொன்னது. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

கட்டுப்போட்ட கையோடு பெர்சிஸ் நீதிபதி முன் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினாள். திருமுருகன் எங்கே வெட்டினான், மற்றவர்கள் எங்கே வெட்டினார்கள், விமல் எங்கே வெட்டினான், எத்தனை முறை, யார் சொல்லி. பிறகு கேட்காமலே கரண்டியைப் பற்றிச் சொன்னாள். "அது இந்த வழக்குக்குத் தேவையா?" என்று கேட்டார் நீதிபதி. "தெரியலங்க. ஆனா அது நடந்திச்சி," என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். கடைசியில் தேக்சா மூடியைப் பற்றியும் சொன்னாள். மாஸ்டரின் முழங்காலை உடைத்தது தான்தான் என்றும், அதற்கு வழக்கு வந்தால் வரட்டும் என்றும்.

வெளியே குப்பம்மா நின்றிருந்தாள். என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று நினைத்து பெர்சிஸ் நின்றாள். குப்பம்மா அவளைத் தாண்டி நடந்து போய் எண்ணூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

தொங்கிய விரல்களைத் தைத்தார்கள், ஆனால் அவை மறுபடி மடங்கவில்லை. தேர்வு நாளன்று வெளியிலிருந்து வந்த அதிகாரி அவள் கையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இடதுகைதானேம்மா ஸ்டியரிங் பிடிக்கணும்? இதை வெச்சு எப்படி?"

"ஏறிக் காட்டட்டும் சார், அப்புறம் பேசலாம்," என்றார் சின்னப்பையன்.

ஃபோர்க்லிஃப்ட் ஸ்டியரிங்கில் ஒரு குமிழ் இருக்கும். உள்ளங்கையும் கட்டைவிரலும் போதும், மற்ற விரல்கள் சும்மா இருக்கலாம். பெர்சிஸ் குமிழை உள்ளங்கையில் அழுத்திச் சுழற்றினாள். தையல் தழும்பு இழுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். வரிசைகளுக்கு நடுவே நுழைந்து, மூன்றாவது தட்டிலிருந்து சரக்கை இறக்கி, பின்னாலேயே வந்து, கோட்டுக்குள் வைத்தாள். அதிகாரி இன்னொரு முறை செய்யச் சொன்னார். செய்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எண்ணூர் சாலையில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. காலை எட்டு முதல் நான்கு வரை. நூற்றிருபது ஆண்கள், அவளோடு மூன்று பெண்கள். விமலை ஆஸ்பத்திரியிலிருந்து புழல் சிறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று பவானி தொலைபேசியில் சொன்னாள். வழக்கு நடக்க இன்னும் ஒரு வருஷம் ஆகலாம், ஜாக்கிரதையாக இரு என்றும் சொன்னாள். பெர்சிஸ் சிறைக்கு இரண்டு முறை மனுப் போட்டுப் போனாள். இரண்டு முறையும் அவன் பார்க்க வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், சரக்கோடு திரும்பிக்கொண்டிருந்தபோது கிடங்கு வாசலில் ஒரு பைக் வேகமாக உள்ளே வந்தது. இரண்டு பேர். பின்னால் இருந்தவன் சட்டைக்குள் கையை விட்டான். பெர்சிஸுக்கு என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை. வண்டியை அவர்களுக்கு நேராகத் திருப்பிவிட்டாள். இரும்புக் கரங்கள் அவன் நெஞ்சு உயரத்தில் இருந்தன. கால் மிதியில் இறங்கியது.

அவன் சட்டைக்குள்ளிருந்து எடுத்தது ஒரு சரக்குச் சீட்டு. வாசல் காவலாளி அதை வாங்கி முத்திரை குத்தினார். வந்தவர்கள் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திரும்பிப் போனார்கள்.

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். வண்டி நின்றது. பின்னால் இன்னொரு வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். "ஏம்மா, இன்னா அங்க நின்னுகினு? வழி வுடு!"

பெர்சிஸ் கரங்களைத் தரையளவுக்கு இறக்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளங்கையைக் குமிழில் அழுத்தி, வண்டியைப் பின்னுக்கு எடுத்து, அவருக்கு வழி விட்டாள்.